ஐந்தாம் அறையின் கவனிப்புத் தாள்

முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். ஒரு நாள்கூட வருகைப் பதிவேட்டைப் பிரித்துவைத்துப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வகுப்பு வாசலில் நின்றபடியே தலைகளை ஒரு சுற்றுப் பார்ப்பேன். நாற்காலியில் உட்காருவதற்குள் யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும். பல நாட்களில் பார்ப்பதற்கு முன்பே பேனா ஓடியிருக்கும். எந்தப் பிள்ளை எந்தக் கிழமையில் மட்டம் போடும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளூர அதில் பெருமைதான். ஓய்வு பெற்ற பின்பும் அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை.

இனிச் சொல்லப்போவது நடந்தது. நரியையும் காக்கையையும் பேச வைத்தே காலம் கழித்தவன் நான். ஆகவே இதையும் அந்த வரிசையில் சேர்த்துவிடத் தோன்றும். சேர்க்காதீர்கள். இதில் எந்த விலங்கும் பேசாது. நேரங்கள் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்தவை. அன்று வீடு திரும்பியதும் அவற்றைக் குறித்து வைத்தேன்.

ஊரின் கடைசியில், பேருந்து திரும்பும் இடத்துக்கு எதிரே, பெண் பிள்ளைகளின் காப்பகம் ஒன்று இருந்தது. வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள், வீடே துரத்திவிட்டவர்கள், தங்கள் கையைத் தாங்களே கிழித்துக்கொள்பவர்கள் என்று முப்பது பிள்ளைகள். வாரத்தில் சில நாட்கள் அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கப் போவேன். பாடம் கசந்தால் கதை சொல்வேன். அதனால் எனக்குக் 'கதை சார்' என்று பெயர் விழுந்தது.

இரண்டாம் மாடிக்குக் கவனிப்புப் பிரிவு என்று பெயர். வரிசையாக ஆறு அறைகள். ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கதவின் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பரீட்சை அட்டை. அட்டையில் நேரங்கள் அச்சிட்ட ஒரு தாள். கால் மணிக்கு ஒரு முறை கண்ணாடி வழியாகப் பார்த்து, உள்ளே பிள்ளை என்ன செய்கிறாள் என்பதை ஒரே சொல்லில் எழுதி, சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கிறாள். உறங்குகிறாள். அழுகிறாள். அவர்கள் தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்ளக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை அது.

நான்காம் அறையில் இருந்தவளைச் சில்வண்டு என்று அழைப்பார்கள். பதினான்கு வயது. வாயை மூடிக்கொண்டிருந்தாலும் மூக்கால் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவளுக்கு முள்ளம்பன்றிக் கதை ஒன்று கட்டிச் சொன்னேன். முள்ளம்பன்றி குத்திவிட்டது என்று காடே குறை சொன்னது. யார் முதலில் அதன்மேல் கை வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் யானை வந்து கேட்டது. இதுதான் கதை.

"சார், அந்த முள்ளம்பன்றி நான்தானே?"

"சேச்சே. அது பொதுவான கதைம்மா."

"பொய் சொல்லாதீங்க சார், காது சிவக்குது. உங்க கதையில மட்டும் கடைசியில ஒரு யானை வந்துடும். இங்க பெரியக்கா மட்டும்தான் வருது. அதுவும் கிட்டத்தட்ட யானைதான், ஆனா எதுவும் கேக்காது."

பெரியக்கா என்பது அந்த மாடியின் பணிப்பெண். ஐம்பதைத் தாண்டியவர். அந்தக் கேலி அவர் காதில் விழுந்தது. "இரு, உன் வாயை ஊசி போட்டுத் தைக்கிறேன்" என்றார். சில்வண்டு சிரித்தாள்.

ஆனால் அவளுக்கு வேறு சில வழக்கங்கள் இருந்தன. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று எங்கோ வெறித்துப் பார்ப்பாள். சில சமயம் தரையில் கிடந்து கால்களை உதைத்துக்கொள்வாள். கேட்டால் நினைவில்லை என்பாள். பக்கத்து ஐந்தாம் அறையில் ஓர் அக்கா இருப்பதாகவும், சுவரைத் தட்டி, 'யாராவது வர்றாங்களா?' என்று கேட்பதாகவும் சொல்வாள். ஐந்தாம் அறை பூட்டிக் கிடந்தது. அதில் பழைய மெத்தைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அவளுடைய கோப்பில் இவை அனைத்துக்கும் எதிரே ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்: 'நடிப்பு.'

அவளை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்று காப்பக மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். முதல் முறை, படிவத்தில் எழுத வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை, அது பழைய படிவம் என்றார்கள். மூன்றாம் முறை, ஓய்வு பெற்றவர் கையெழுத்திட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். சுவரோடு பேசியிருந்தால் அதுவாவது எதிரொலித்திருக்கும்.

இதற்கிடையில் ஒரு குழு கூடி ஒரு நிபந்தனை விதித்தது. பதினான்கு நாட்கள் அவளுடைய கவனிப்புத் தாளில் அவள்மேல் குறை காட்டும் வரி ஒன்றுகூட இல்லாமல் இருந்தால், அவளுடைய சித்தி அவளை வீட்டுக்கு அழைத்துப் போகலாம். ஒரு வரி பிசகினாலும் மனநல மருத்துவமனையின் மூடிய பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே போன பிள்ளைகள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

பதினான்காம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழு மணியோடு கெடு முடியும். நல்ல மழை. ஆட்கள் குறைவு, ஆகவே நான்கு மணிக்கே அறைகளைப் பூட்டிவிட்டார்கள். மாலை 4.35க்கு, கீழே சமையலறையில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பெரியக்காவுக்கு அழைப்பு வந்தது.

"சார், ஒரு மணி நேரம் இந்தத் தாளை மட்டும் பாத்துக்குங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"இதற்கு எனக்கு அதிகாரம் உண்டா?"

"எழுதப் படிக்கத் தெரியும்ல? அது போதும்."

சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடியே இறங்கிப் போனார்.

4.45. ஐந்து அறைகளையும் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. எல்லாம் ஒழுங்கு. சில்வண்டு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். 'படிக்கிறாள்' என்று எழுதினேன்.

5.00. அவள் கதவருகில் வந்து நின்றாள்.

"சார், நாக்கு கசக்குது. கண்ணு ஓரத்துல வெளிச்சம் மின்னுது."

"மழை மின்னல் அது."

"இல்ல சார், உள்ளுக்குள்ள மின்னுது. எழுதிக்கிறீங்களா?"

எனக்குச் சலிப்பாக வந்தது. இரண்டு மணி நேரம் பொறுக்கக் கூடாதா இந்தப் பெண்? இன்றைக்குத்தானா?

"உனக்காகத்தான் சொல்றேன். ஏழு மணி வரைக்கும் பேசாம இரு. காலையில சித்தி வந்துடுவாங்க. நான் நல்லபடியா எழுதி வைக்கிறேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் சொன்னபடி செய்தேன். 5.00, 5.15, 5.30... ஏழு மணி வரை ஒன்பது கட்டங்களிலும் 'படிக்கிறாள்' என்று அழகாக எழுதி, ஒன்பது கையெழுத்தும் போட்டு முடித்தேன். அவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு நாற்காலியில் சாய்ந்தேன்.

5.15க்கு மற்ற அறைகளைச் சுற்றி வரும்போதுதான் அதைக் கவனித்தேன்.

ஐந்தாம் அறையின் பக்கத்திலும் ஓர் அட்டை தொங்கியது.

தாளில் வரிசையாக எழுதியிருந்தது. 4.15 உறங்குகிறாள். 4.30 உறங்குகிறாள். 4.45, 5.00, 5.15... உறங்குகிறாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தூண்டில் முள்ளைப் போல வளைந்த ஒரு சுருக்கக் கையெழுத்து. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். மெத்தைகள்தாம். கூரை வரை அடுக்கிய மெத்தைகள்.

யாரோ பிள்ளைகளின் குறும்பு என்று நினைத்தேன். எரிச்சலாக இருந்தது. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் பூட்டிய அறைகளுக்குள் அல்லவா இருந்தார்கள்?

நாற்காலியை இழுத்து ஐந்தாம் அறைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

5.30. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் நேரம். நிமிர்ந்தபோது புதிய வரி ஒன்று இருந்தது. விரலால் தொட்டேன். நீல மை விரலில் ஒட்டியது.

5.41. மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான்காம் முறைதான் எடுத்தார்.

"அஞ்சாம் அறைத் தாளில் யார் எழுதுகிறார்கள்?"

"அஞ்சா? சார், அது பூட்டி நாலு வருஷமாச்சு. அங்க அட்டையே கிடையாது. ஆணியைக்கூடப் பிடுங்கியாச்சு."

"நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன்."

"ஞாயித்துக்கிழமையில விளையாடாதீங்க சார். அட்டையைத் தேடுறதுக்கா உங்களை உள்ள விட்டோம்?"

வைத்துவிட்டார். நான் மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

6.00. சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

நான்காம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் நடுவிலிருந்த சுவர்.

"சுவரைத் தட்டாதே!" என்று இருந்த இடத்திலிருந்தே அதட்டினேன்.

"நான் இல்ல சார்..." சில்வண்டின் குரல் களைத்திருந்தது. "அந்த அக்கா. யாராவது வர்றாங்களான்னு கேக்குது."

"போதும் உன் நடிப்பு!"

ஆம். அந்தச் சொல்லை நானும் சொன்னேன். அவளுக்கு மருத்துவர் வேண்டும் என்று மூன்று முறை கேட்ட அதே வாயால்.

6.15. மின்சாரம் போயிற்று.

மழைச் சத்தம் மட்டும். தாழ்வாரத்தின் கடைசி ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம் கொஞ்சம்.

டொக்... டொக்... டொக்... டொக்.

இந்த முறை வேகமாக.

"பேசாம இருன்னு சொன்னேன்ல?"

பதில் இல்லை. முறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எழுந்து பார்க்கவில்லை. என் கண் ஐந்தாம் அறையின் அட்டையை விட்டு நகரவில்லை. அடுத்த வரியை எழுதும் கையைப் பிடித்துவிட வேண்டும் என்ற வீம்பு.

6.29. கைக்கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டல் நின்றது.

மழையும் நின்றதுபோல் இருந்தது.

6.30.

கை எதுவும் வரவில்லை.

மை மட்டும் வந்தது.

காகிதத்தின் உள்ளிருந்து ஊறுவதுபோல்... ஓர் எழுத்து... அடுத்தது...

'உறங்குகிறாள்' இல்லை.

'நாலாம் அறையைப் பார்.'

எழுந்தேன். நாற்காலி சாய்ந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டினேன்.

தரையில் கிடந்தாள்.

குப்புற. முகம் தலையணைக்குள். கால்கள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. தரையில் கிடந்த ஒரு கை நீலம் பாரித்திருந்தது.

அவளுடைய தாளில் 6.30க்கு எதிரே, என் கையெழுத்தில்... படிக்கிறாள்.

கதவைத் தள்ளினேன். பூட்டு. அழைப்பு மணியை அழுத்தினேன். மின்சாரம் இல்லை. பெரியக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். கீழே தண்ணீர் இறைக்கும் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? படியிறங்கி ஓட எனக்கு முழங்கால் இல்லை.

"பிள்ளைகளா! கதவைத் தட்டுங்க! எல்லாரும் தட்டுங்க!"

ஆறாம் அறையிலிருந்து ஒரு குரல். "தட்டினா தாள்ல எழுதுவாங்க சார்."

"நான்தான் எழுதுறேன்! தட்டுங்கடா கண்ணுகளா!"

தட்டினார்கள்.

ஒன்றாம் அறை. இரண்டு. மூன்று. ஆறு. கையால், காலால், தட்டால். கட்டடமே அதிர்ந்தது. நான் நகர்ந்து பக்கத்துக் கதவில் முதுகைச் சாய்த்தேன்.

அதுவும் அதிர்ந்தது.

உள்ளிருந்து... என் முதுகில்... இரண்டு உள்ளங்கைகள்.

அது ஐந்தாம் அறைக் கதவு.

நான் விலகவில்லை. விலக முடியவில்லை. "தட்டும்மா," என்றேன். "நீயும் தட்டு."

6.38க்குப் பெரியக்கா மேலே ஓடி வந்தார். கதவைத் திறந்து, சில்வண்டைப் புரட்டி, ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வலிப்பு. ஏழு மணிக்குள் மருத்துவமனை சேர்ந்தோம். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று மருத்துவர் சொன்னார். கசப்பு, மின்னும் வெளிச்சம், வெறித்த பார்வை எல்லாமே வலிப்பின் அறிகுறிகள் என்றும், பல மாதங்களாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். 

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெரியக்காவிடம் அட்டையைப் பற்றிச் சொன்னேன்.

"உறங்குகிறாள்னு எழுதியிருந்துச்சா?"

"ஆமாம்."

"கையெழுத்து?"

நீல மை ஒட்டிய விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். தூண்டில் முள்.

பெரியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "அது என் கையெழுத்து சார்."

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் அறையில் ஒரு பெண் இருந்திருக்கிறாள். பதினாறு வயது. மூச்சிரைப்பு உள்ளவள். ஒரு மாலை, வேலை அலுப்பில் பெரியக்கா 4.15லிருந்து 7.15 வரை ஒரே மூச்சில் 'உறங்குகிறாள்' என்று எழுதிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டார். அரைத்தூக்கத்தில் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. குறும்பு என்று நினைத்தார். ஏழே காலுக்குக் கதவைத் திறந்தபோது உடல் குளிர்ந்திருந்தது. விசாரணையில் தாள்தான் சாட்சி. தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டாள் என்று அவளுடைய தாயிடம் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, குழு கூடுவதற்கு முன்பு மேலாளர் என்னைத் தனியே அழைத்தார். சில்வண்டின் தாள் அவர் கையில் இருந்தது.

"சார், தாள் சுத்தமா இருக்கு. நேத்து ஏழு மணியோட பதினாலு நாளும் முடிஞ்சுது. ஏழுக்கு அப்புறம் உடம்பு சரியில்லாம போச்சுன்னு சொல்லிக்கலாம். பொண்ணு சித்தி வீட்டுக்குப் போயிடும். நல்லது செய்யணும்னு நினைச்சா கொஞ்சம் பேசாம இருங்க."

வெளியே பெஞ்சில், மடியில் ஒரு புது உடைப் பொட்டலத்தோடு சித்தி உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருந்தால் அந்தப் பொட்டலம் அன்றே பிரிந்துவிடும். பேசினால், மூடிய பிரிவு. எனக்குத் தெரிந்த எந்தக் கதையிலும் இப்படி ஒரு முடிச்சு இல்லை.

ஆனால் வலிப்பைத் தாளிலிருந்து மறைத்தால் அவளுக்கு மருந்து யார் கொடுப்பார்கள்? சித்தியும் ஒருநாள் அதை நடிப்பு என்றுதான் நினைப்பார்.

குழு கூடியதும் தாளை வாங்கி, ஒன்பது வரிகளையும் அவர்கள் கண்ணெதிரே பேனாவால் அடித்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பார்க்காமல் எழுதியது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு அவள் ஐந்து மணிக்குச் சொன்னதையும், நான் அவளை அடக்கியதையும் சொன்னேன். மருத்துவரின் சீட்டை மேசைமேல் வைத்தேன். குழுவில் கருணை அதிகம் இருந்ததென்று சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் என்னைத்தான் திட்டினார்கள். காப்பகத்துக்குள் நான் இனி நுழையக் கூடாது என்று எழுதினார்கள். கடைசியில் கோப்பிலிருந்த 'நடிப்பு' என்ற சொல்லை அடிக்க வேண்டிவந்தது. மூன்று வாரம் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, அவளைச் சித்தியோடு அனுப்பினார்கள்.

போகிற அன்று வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். "மன்னிச்சுடும்மா" என்றேன்.

"இருக்கட்டும் சார். நீங்க அடிச்சுத் திருத்தினதைச் சித்தி சொன்னாங்க. வாத்தியாருக்கே சிவப்பு மையா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த அக்கா இப்பல்லாம் தட்டறதில்ல."

அந்த வாரமே, நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கோப்பைத் திறக்கச் சொல்லிப் பெரியக்கா எழுதிக் கொடுத்தார். தலைமை அலுவலகத்தின் பூட்டிய அலமாரியில், அரக்கு முத்திரை உடையாமல் அது இருந்தது. உள்ளே அந்த மாலையின் தாள். பதின்மூன்று வரிகள். விசாரணையில் அத்தனை பேரும் படித்துப் பார்த்த தாள். அதன் பிரதியில் பதின்மூன்றும் 'உறங்குகிறாள்' என்றே இருந்தன.

மூலத் தாளில் பன்னிரண்டுதான் அப்படி இருந்தன.

6.30க்கு எதிரே: 'நாலாம் அறையைப் பார்.'

"எழுத்து என்னுதுதான் சார்," என்றார் பெரியக்கா. "ஆனா நான் எழுதல. அன்னிக்கு நாலாம் ரூம் காலி."

அடுத்த நாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் எழுந்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். பெரியக்கா வாங்கவில்லை. பிரதியை இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு தூங்கலைம்மா. நான் பாக்கல. பாக்காம எழுதினேன்."

அந்த அம்மாள் தாளை எடுத்துப் படித்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "அவ பகல்ல தூங்கவே மாட்டா. நாலு வருஷமா யார்கிட்ட சொன்னாலும் கேக்கல. பெத்தவ புலம்புறான்னு போயிட்டாங்க." பிறகு முதல் வரியில் விரலை வைத்தார். "நாலே கால்?"

"பாக்கல."

"நாலரை?"

"பாக்கல. தட்டுற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போகல."

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. பெரியக்கா முந்தானையை வாயில் வைத்து அழுகையை அடக்கிக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. பதின்மூன்று வரிகளுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். அதன் பிறகு இருவருமாகக் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.